அளவா ஆடணுமாம்ல, அளவா!

ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு கிரிக்கெட் டோர்னமெண்ட் ஃபைனல்ல மைக்ல நடந்த கூத்த நான் திரும்ப சொல்ல வேண்டியதில்ல, வீடியோ மன்னார்குடி வரைக்கும் போயிருச்சு. "வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, போயி ரெஸ்ட் எடுங்க சார்"னு என்ன பாத்து சொன்னதும் விசிலடிச்சவன்ல பாதிப்பேரு எங்கிட்ட கணக்கு டியூஷன் படிச்ச பயலுவதான். பரவால்ல விடுங்க, நான் அத பேச வரல.

காசு வாங்கிட்டு டீம் டீசர்ட்ல ஸ்லாட் ஆப் பேர போட்டுட்டு (காசு கட்டி பட்டனை அமுக்குனா படம் சுத்துற சூதாட்டம்தான் ஸ்லாட்), "கிரிக்கெட் தெரிஞ்ச நம்ம பசங்க இத ஈசியா ஆடலாம், ஆனா பட்ஜெட் போட்டு அளவா ஆடுங்க"ன்னு அக்கறையா வேற சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

தம்பி, கிரிக்கெட் ஸ்லாட்டுல கிரிக்கெட் எங்க இருக்கு? பேட்டு, பந்து, ஹெல்மெட்டுன்னு படம் சுத்துது, அவ்வளவுதான். அந்த இடத்துல கத்திரிக்கா படம் போட்டாலும் அதே கேம்தான். நீ பட்டனை அமுக்குன உடனே ரிசல்ட்ட உள்ள இருக்கிற ப்ரோகிராம் ஒரு ரேண்டம் நம்பர் எடுத்து முடிவு பண்ணிருது, அதுக்கப்புறம் சுத்துறது எல்லாம் உனக்கு காட்டுற வேடிக்கை. முந்தின ஸ்பின்னுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பால பாத்து விடவா அடிக்கவான்னு யோசிக்கிறவன்தான் நிதானமா ஆட முடியும், இங்க யோசிக்க என்ன இருக்கு?

எங்க சின்ன மாமா பையன், எனக்கு மச்சான் முறை, நீடாமங்கலம் பக்கம். குறுவை நெல்ல கொள்முதல் நிலையத்துல போட்டு, ஈரப்பதம் 17க்கு மேலன்னு திருப்பி விட்டு, மறுபடி காய வச்சு போட்டு, ஒருவழியா பணம் அக்கவுண்ட்ல ஏறுச்சு. பம்ப்செட் கொட்டாயில பக்கத்துல உக்காந்து பாக்குறேன், இருவது ரூபா வச்சு அமுக்குறான், எட்டு ரூபா வருது, போன்ல "ஹவ்சாட்"னு கத்தி வாணவேடிக்கை விடுது! பன்னண்டு ரூபா போயிருக்குடா, எதுக்குடா வெடி? அடுத்த தடவ ரெண்டு சிக்ஸர் படம் நேரா நின்னு மூணாவது ஒரு கட்டம் கீழ நிக்குது. "பாத்தீங்களா மச்சான், ஜஸ்ட் மிஸ்ஸு"ங்கிறான். மிஸ்ஸெல்லாம் இல்லய்யா, தோத்தது தோத்ததுதான். ஐநூறுக்கு மேல தொடமாட்டேன்னு சொன்னவன்தான் இவனும். சம்பா நடவுக்கு ஆள்கூலி எங்கேருந்து வந்துச்சுன்னு நான் இங்க எழுத மாட்டேன், அவன் பொண்டாட்டி இந்தப் பதிவ படிக்கும்.

"சார், கட்டுற காசுல 96 பர்சென்ட் திருப்பித் தர்றாங்க"ன்னு ஒருத்தன் சண்டைக்கு வந்தான். சரி, கணக்கு போடு. பத்து ரூபா ஸ்பின், ஆறு செகண்டுக்கு ஒண்ணு, மணிக்கு 600 ஸ்பின், 6000 ரூபா சுத்துது, அதுல 4 பர்சென்ட் 240. சராசரியா ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு ஆப்காரனுக்கு. அதுவும் நேர்மையான கம்பெனியா இருந்தா! எவனோ எந்த நாட்டுலயோ உக்காந்துகிட்டு நடத்துறான், போடும்போது நொடியில போயிருது, எடுக்கப் போனா அந்த வெரிஃபிகேஷன் இந்த வெரிஃபிகேஷன்னு இழுக்குறான்.

"அப்ப ரம்மி?" 2023 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் ரம்மி, போக்கர் திறமை ஆட்டம்னு சொன்னது நெசம்தான், ஆனா அதிர்ஷ்டத்த நம்புற சூதாட்டத்துக்கு தடை நிக்கும்னும் அதே தீர்ப்புதான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல, திறமையோ அதிர்ஷ்டமோ காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டமே கூடாதுன்னு சட்டம் போட்டாச்சு. விளம்பரம் பண்ணுனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம். டீசர்ட்டும் விளம்பரம்தான் சாமி.

காசில்லாம சும்மா காயின்ல ஆடுறவங்கள நான் ஒண்ணும் சொல்லல, ஆடிட்டு போங்க. "டாஸ்மாக்க மட்டும் கேக்க மாட்டீங்களா"ங்கிறவனுக்கு பதில் சொல்ல எனக்கு தெம்பில்ல.

எனக்கு வலிக்கிறது என்னன்னா, பேராவூரணி பக்கம் மொய் விருந்து வச்சே லட்சக்கணக்குல பணம் சேக்குற ஜில்லா இது, ஒரு கோப்பைக்கும் பதினஞ்சு டீசர்ட்டுக்கும் எவன்கிட்டயோ கைநீட்டியிருக்கீங்க. எங்கிட்ட யாராவது வந்து கேட்டீங்களா? வயசானவன்கிட்ட காசு கேக்கக்கூட தோணல, ரெஸ்ட் எடுக்க சொல்ல மட்டும் தோணுச்சு. அடுத்த வருஷ பந்து செலவும் டீசர்ட் செலவும் என்னுது, கமிட்டில யாராச்சும் வந்து வாங்கிக்கோங்க. பேரெல்லாம் போட வேணாம். ஆப்ல ஏமாந்துட்டு வெளிய சொல்ல வெக்கப்படுறவன் சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு உடனே போன் பண்ணு, லேட் பண்ணா பணம் கைமாறிடும். மைக் புடிச்ச தம்பி, நீ வீட்டுக்கு வா, திட்ட மாட்டேன்.