நிலத்தை விற்பது அவரவர் முடிவு. வகைப்பாட்டை மாற்றுவது ஊரின் முடிவு

விவசாய நிலத்தில் வீடு, கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்த டவுன்ஷிப் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், ஊர் இரண்டாகிவிடுகிறது. ஒரு பக்கம் ‘விவசாயத்தை அழிக்காதே’, மறுபக்கம் ‘வளர்ச்சியைத் தடுக்காதே’. நான் முதல் பக்கத்துக்கு நெருக்கமானவன். ஆனாலும் அங்கே அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. அது நிலத்தை விற்பவரைத் துரோகி என்று சொல்வது. கிணறு வற்றி, பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு, வயதான காலத்தில் தனியாளாகப் பயிர் வைப்பவரிடம் ‘விற்காதே’ என்று சொல்ல நாம் யார்? அவர் நிலம், அவர் முடிவு.

ஆனால் விற்பனையோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. ‘விவசாயம்’ என்றிருந்த சர்வே எண்கள் அரசின் ஆணையால் ‘கலப்புக் குடியிருப்பு’ என்றோ ‘வணிகம்’ என்றோ மாறுகின்றன. இந்த மாற்றம் விற்பவருக்கும் சொந்தமில்லை, வாங்குபவருக்கும் சொந்தமில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் மக்கள் பெயரால் அரசு செலுத்தும் அதிகாரம் அது. பத்திரத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேர் போதும். வகைப்பாட்டை மாற்ற ஊரைக் கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கும் அதில் பேச உரிமை உண்டு.

பணக் கணக்கைப் பாருங்கள். வாங்கும்போது ஏக்கர் கணக்கு, விற்கும்போது சதுர அடிக் கணக்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் விட்டது போக மிச்சத்தை மட்டும் விற்றாலும், இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பெரும் பணம் நிற்கிறது. ரோடு போட்டதாலும் மின்கம்பம் நட்டதாலும் வந்த மதிப்பு அதில் ஒரு பகுதிதான். மீதி, வகைப்பாடு மாறியதால் வந்தது. மாற்றம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தவர் வாங்கிச் சேர்க்கிறார். தெரியாத விவசாயி வயல் விலைக்கே கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அரசின் ஓர் ஆணை உண்டாக்கிய மதிப்பில், அந்த மண்ணில் உழைத்தவருக்கும் அந்த ஊருக்கும் பங்கே இல்லை என்பது எந்த வகையில் நியாயம்?

அடுத்து தண்ணீர். கூட்டங்களில் இதைப் பற்றி ரெண்டு வரி பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், நான் நகர மாட்டேன். நூறு ஏக்கர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 கோடி லிட்டர். அந்த நூறு ஏக்கரும் வரப்பு கட்டிய நஞ்சையாக இருந்தால், பெரும்பகுதியை வயலே தாங்கி, மெதுவாக வாய்க்காலுக்கு விடும். அதையே மண்ணடித்து மேடாக்கி, கான்கிரீட்டும் தாரும் போட்டு மூடினால், அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் பக்கத்துத் தாழ்வான தெருவுக்குத்தான் போகும். கிராமங்களில் தாழ்வான தெருவில் யார் வசிக்கிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டா நிலங்களுக்கு இடையில் ஓடும் வாய்க்கால் புறம்போக்கு, ஓடை, ஏரிக்கு வரும் வரத்துக்கால் எல்லாம் நில அளவை வரைபடமான புலப்படத்தில் மெல்லிய கோடாகத்தான் இருக்கும். டவுன்ஷிப்பின் வண்ண வரைபடத்தில் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் சாலையோ சுற்றுச்சுவரோ வரைந்திருந்தால், கீழே உள்ள ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீரில் பாயும் வயல்கள், முழுவதும் அந்தத் திட்டத்தால் பாதிக்கப்படும். நிலத்தை விற்காத விவசாயியும் அதில் மாட்டிக்கொள்வார்.

நிலத்தடி நீர் இன்னொரு பெரிய கேள்வி. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிகள் முதலில் வந்தன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வரும் என்றார்கள். பல குடியிருப்புகள் ஆண்டுக்கணக்கில் டேங்கர் லாரியை நம்பியே வாழ்ந்தன. அந்த லாரிகளில் வந்த தண்ணீரில் பெரும்பங்கு சுற்றியிருந்த கிராமங்களின் கிணறுகளிலும் போர்வெல்களிலும் உறிஞ்சியதுதான். வீடு வாங்கியவர், தண்ணீரை இழந்த கிராமத்தவர் இருவருமே ஏமாந்தார்கள்.

சரி, வேலை வருமே என்பார்கள். வரட்டும். ஆனால் யாருடைய வேலை போகிறது என்பதையும் அதே மேடையில் பேச வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சாகுபடி செய்பவர்கள் சுமார் 42 லட்சம் பேர், விவசாயக் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்கு விற்பனைப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் நஷ்டஈட்டுப் பேச்சிலும் இருக்க மாட்டார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கடையும் வேலையும் பள்ளியும் இருக்கும் அமைப்பை நான் எதிர்க்கவில்லை. அது நல்லது, பயணமும் பெட்ரோலும் குறையும். அதை ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள்ளும் ஒட்டியும் செய்யலாம். நெடுஞ்சாலை ஓரங்களில் கல் நட்டு, அலங்கார வளைவு கட்டி, ஆண்டுக்கணக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைப்பிரிவுகள் எத்தனை! அவை நிரம்பாமல் கிடக்கும்போது, விளையும் நஞ்சையில் கைவைப்பதற்கு என்ன அவசரம்?

சட்டம் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு நடத்துவதிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு தருகிறது. காவிரி டெல்டாவுக்கென 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் உருக்காலையும் தோல் பதனிடுதலும் எண்ணெய், எரிவாயு எடுப்பும் இருக்கின்றன, வீட்டு மனை இல்லை. நாளிதழின் ஓரத்தில் வெறும் சர்வே எண்களாக வெளியாகும் நில உபயோக மாற்ற அறிவிப்பை யார் படித்து, யார் ஆட்சேபணை எழுதுவது?

அதனால் முழுத் திட்டத்தையும் வகைப்பாடு மாறுவதற்கு முன்பே கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், எந்த வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் திறந்தே இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டிய பத்து சதவீதத் திறந்தவெளி எது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். மூலையில் ஒதுக்கிய பள்ளமான துண்டை ஊர் ஏற்கக் கூடாது. குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் என்ன தருகிறார்கள் என்பது தனிப் பத்தியாக இருக்க வேண்டும்.

அப்புறம், காலக்கெடு. ஆந்திராவின் அமராவதியில் 2015 முதல் 33,000 ஏக்கருக்கும் மேல் விவசாயிகள் புதிய தலைநகருக்காகக் கொடுத்தார்கள். 2019-இல் ஆட்சி மாறி, மூன்று தலைநகர் என்று பேச்சு வந்ததும் வேலைகள் நின்றன. பயிரும் இல்லாமல் நகரமும் இல்லாமல் அந்த விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஓர் அரசே முன்னின்ற திட்டத்துக்கு இந்தக் கதி என்றால், தனியார் நிறுவனம் பாதியில் பணமில்லாமல் நின்றால் ஊர் யாரிடம் போய்க் கேட்கும்? ஐந்து ஆண்டுக்குள் சொன்ன வேலை தொடங்காவிட்டால் அந்த சர்வே எண்கள் தானாகவே விவசாய வகைப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.