தண்ணீரில் சக்கரம் உருளாது
விமானம் அவசரமாகத் தண்ணீரில் இறங்கும்போது சக்கரங்களை இறக்கிவிட்டால் அவை அதிர்ச்சியைத் தாங்கும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓடுதளத்தில் சக்கரம் உருளும். தண்ணீரில் உருளாது, நீர் அதைப் பின்னுக்கு இழுக்க, விமானம் மூக்கு குத்திக் கவிழப் பார்க்கும். நிலத்திலும் நீரிலும் இறங்கும் மிதவை விமானங்களில் சக்கரத்தை மடக்க மறந்து ஏரியில் இறங்கிய விமானிகளுக்கு இதுதான் நேர்ந்தது. மிதவை இருந்தும் நொடியில் தலைகுப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியபடி தண்ணீருக்குள் கதவின் கைப்பிடியைத் தேட வேண்டும். 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏ320 பயணிகள் விமானம் இறங்கியபோது சக்கரங்கள் மடங்கியே இருந்தன. அப்படியும் வால்பக்க அடிப்பகுதி கிழிந்து நீர் புகுந்தது, ஆனால் 155 பேரும் பிழைத்தார்கள். சரி, சக்கரத்தை மடக்கவே முடியாத சிறு விமானங்கள்? அங்கேதான் உண்மையான கஷ்டம். அவற்றின் விமானிகளிடம் நீரைத் தொடும் முன்பே கதவைத் திறந்து வைக்கச் சொல்வது, மோதலில் கதவைச் சுற்றியுள்ள சட்டகம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான்.