பூட்டு உடைந்த வீட்டுக்கு யார் போனது?

எங்கள் தெருவில் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் திருட்டு. பட்டப்பகலில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே போயிருக்கிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருநூறுக்கும் மேல் செய்திகள். எனக்கும் வேறு வேலை ஓடவில்லை, எல்லாவற்றையும் படித்தேன். பறிகொடுத்தவரிடம் "ராத்திரி துணைக்கு யாராவது வரட்டுமா?" என்று கேட்டது ஒரே ஒரு செய்திதான். அதை அனுப்பியவன் நான் இல்லை.

மிச்சமெல்லாம் என்ன? முதலில் ஒரு படம். முதுகில் பை, கையில் போன், வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிற ஒரு இளைஞன். "இவன் நேற்று ரெண்டு தடவை இந்தப் பக்கம் போனான்" என்று கீழே ஒரு வரி. பத்து நிமிடத்தில் அவன் திருடனாகிவிட்டான். அரை மணி நேரம் கழித்து ஒருவர், "சார், அது எங்களுக்குப் பார்சல் கொடுக்க வந்த பையன்" என்றார். படத்தைப் போட்டவர் அதை நீக்கவும் இல்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அதற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருக்குமோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய்க்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்தப் பையன் மறுநாளும் இதே தெருவுக்குப் பார்சலோடு வந்தாக வேண்டும்.

அப்புறம் கணக்கு வந்தது. "நம்ம ஏரியாவில் குற்றம் நூறு சதவீதம் கூடியிருக்கிறது." போன வருடம் ஒரு திருட்டு, இந்த வருடம் இரண்டு. நூறு சதவீதம்தான், பொய் இல்லை. அடுத்த வருடம் ஒன்றும் நடக்காவிட்டால் குற்றத்தையே ஒழித்துவிட்டோம் என்று கொண்டாடுவோமா? குற்ற விகிதம் என்பதே கொஞ்சம் ஏமாற்றுகிற எண். லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வார்கள், அந்த லட்சத்தில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்று கேட்க மாட்டோம். பகலில் ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் ஒரு கடைவீதியில் குடியிருப்பவர்கள் நூறு பேர்தான் என்றால், அங்கே நடக்கும் பிக்பாக்கெட் எல்லாம் அந்த நூறு பேரின் கணக்கில் வகுபடும். காகிதத்தில் அது கொள்ளையர் கோட்டை. யாருமே புகார் கொடுக்காத இடமோ, அதே காகிதத்தில் சொர்க்கம். காவல்துறைப் பதிவு மட்டும் போதாது என்றுதான் அமெரிக்கா 1973இலும் பிரிட்டன் 1982இலும், மக்களிடமே "உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" என்று கேட்டு எழுதும் ஆய்வுகளைத் தொடங்கின.

பயம் இந்த எண்களைப் பார்த்து ஏறி இறங்குவதும் இல்லை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்திலிருந்து வன்முறைக் குற்றங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோதெல்லாம், பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பாலானோர் "போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது" என்றே சொல்லிவந்தார்கள். சொந்த வட்டாரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் அவ்வளவு மோசமாக இருக்காது. கண்ணால் பார்க்கிற இடம் அல்லவா! இப்போது அந்த ஆறுதலும் போகிறது என்பது என் கருத்து. எங்கோ நடந்த கொள்ளையின் வீடியோ நம் தெருக் குழுவில் வந்து விழும்போது, அது நம் தெருவில் நடந்த மாதிரியே மனதில் பதிந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அதிக ஆபத்து யாருக்கு? அதே வீட்டுக்கு. அதற்கடுத்து, சில நூறு மீட்டருக்குள் இருக்கும் பக்கத்து வீடுகளுக்கு. பல நாடுகளின் பதிவுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. காரணமும் எளிது. வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது, எந்தக் கதவு பலவீனம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்துவிட்டது. ஒரே ஆள் கட்டிய வரிசை வீடுகளென்றால் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதானே.

இங்கிலாந்தில் ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட் என்றொரு குடியிருப்பு. 1980களில் அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். அங்கே வேலை செய்தவர்கள் மொத்தக் குடியிருப்பையும் காவல் காக்கப் போகவில்லை, ஏற்கெனவே பறிகொடுத்த வீடுகளிலிருந்து தொடங்கினார்கள். பூட்டைப் பலப்படுத்தினார்கள். காசு போட்டு ஓட்டும் எரிவாயு, மின்சார மீட்டர்களை மாற்றினார்கள், திருடர்கள் அதில் சேரும் சில்லறைக்காகவே வந்துகொண்டிருந்தார்கள். சுற்றியிருக்கும் ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் அந்த ஒரு வீட்டின்மீது மட்டும் கண் வைக்கச் சொன்னார்கள். மூன்று வருடத்தில் திருட்டு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மொத்தத் தெருவையும் எப்போதும் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வீட்டை ஒரு மாதம் பார்க்க ஐந்து பேர் போதும்.

எங்கள் குழுவோ நேராகக் கேமராவுக்குப் போய்விட்டது. வைக்கட்டும், நான் எதிரி இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த மதிப்பாய்வு ஒன்று, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. அதிலும் கூடுதல் பலன் வாகனம் நிறுத்தும் இடங்களில்தான்.

என்னை உறுத்துவது வேறொரு ஆய்வு. 1995இல் சிகாகோவில் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் கேட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? இவர்களை நம்பலாமா? ஆம் என்ற பதில் அதிகமாக வந்த இடங்களில், வறுமையையும் மற்றதையும் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எதிர்வீட்டுக்காரரின் பெயர் என் போனில் "எதிர்வீடு" என்றுதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக அந்த வீட்டுக்குப் போனேன். பதினைந்து நாள் தாமதம்தான், தெரியும். அந்த அக்கா பின்கதவைக் காட்டினார். தாழ்ப்பாள் இன்னும் மாற்றவில்லை, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். அந்தத் தாழ்ப்பாளை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். அதேதான், என் பின்கதவிலும். ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பிப் பார்த்தேன், பத்து நொடி ஆகவில்லை.

வரும் சனிக்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் அக்கா வீட்டுக்கு, பிறகு எனக்கு. நம் வரிசையில் அதே தாழ்ப்பாள் இருப்பவர்கள் சொல்லுங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம். அக்கா வீட்டார் வெளியூர் போகும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போட ஒரு ஆள் வேண்டும். செவ்வாய், புதன் நான் போடுகிறேன்.