முகாமில் இடம் காலியா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட். ஒட்டுக்கடையில் மழைக்கு ஒதுங்கிய தாத்தாவும் பேரனும். தாத்தா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்றது அரசாங்கக் கணக்கில் மட்டும்தான்.)

தாத்தா: ராத்திரி முழுக்க அறையில் யாருடனடா சண்டை?

பேரன்: சண்டை இல்லை தாத்தா, பால்டர்ஸ் கேட் 3. 2023-இல் வந்த கேம். நமக்குக் கூட்டாளிகள் வருவார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர்தான் போக முடியும், என்னையும் சேர்த்து.

தாத்தா: சொன்ன வேலையைச் செய்வார்களா?

பேரன்: சண்டையில் செய்வார்கள். ஆனால் நான் எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். ஒருவருக்கு இரக்கம் காட்டினால் இன்னொருத்திக்குப் பிடிக்காது. வெறுப்பு முற்றினால் கிளம்பியே போய்விடுவார்கள்.

தாத்தா: அப்புறம்? நல்ல ஆள் கிடைப்பது லேசா?

பேரன்: கேல் என்று ஒரு மந்திரவாதி. சில தடவை மந்திரப் பொருள் கேட்பார். நாம் பாடுபட்டுத் தேடியதைக் கொடுத்தால் அதன் சக்தியை அப்படியே உடம்புக்குள் இழுத்துக்கொள்வார்.

தாத்தா: அடகு வைத்தாலாவது சீட்டு மிஞ்சும்!

பேரன்: அஸ்டாரியன் ரத்தக்காட்டேரி. ராத்திரி நாம் தூங்கும்போது கழுத்தைக் கடிக்க வருவான்.

தாத்தா: துரத்திவிட்டாயா?

பேரன்: சேச்சே! அவன் பேச்சைக் கேட்டால் துரத்த மனசு வராது.

தாத்தா: எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தார், இதே ரகம். ஆமாம், மறுபேச்சு பேசாத ஆளே கிடையாதா?

பேரன்: 2011-இல் வந்த ஸ்கைரிமில் லிடியா இருக்கிறாள். மூட்டையைக் கொடுத்தால், உங்கள் சுமையைச் சுமக்கச் சத்தியம் செய்திருக்கிறேன் என்பாள். ஆனால் அதைச் சொல்கிற தொனி இருக்கிறதே...

தாத்தா: அந்தச் சலிப்பு இல்லாவிட்டால் அவள் ஆளா, தள்ளுவண்டியா?

பேரன்: 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் காலித், ஜஹெய்ரா என்று புருஷன் பெண்டாட்டி. ஒருவரை நிறுத்தினால் இன்னொருவரும் சேர்ந்து போய்விடுவார்.

தாத்தா: பின்னே? ஜோடியைப் பிரித்து வேறு வேறு நிரையில் போட்டுப் பார், மறுநாள் காலை பேர் கூப்பிடும் பிரட்டுக்கு இரண்டு பேருமே வரமாட்டார்கள். விவரம் தெரிந்தவன்தான் அந்தக் கதையை எழுதியிருக்கிறான்.

பேரன்: மாஸ் எஃபெக்ட் 2-இல் இன்னும் மோசம். கூட்டாளிகளின் சொந்தப் பிரச்சினையை முதலில் தீர்த்துவைக்க வேண்டும். அசட்டையாக விட்டால், கடைசிச் சண்டையில் சிலர் செத்தே போகலாம்.

தாத்தா: அப்பன் சண்டை, மகள் கல்யாணம், எல்லாவற்றுக்கும் நீதான் போய் நிற்க வேண்டும். அதுதானேடா மண்டோர் வேலை! சரி, ராத்திரி நீ ஆடிய கேமில் நாலு பேர் போகிறீர்கள். மிச்சப்பேர்?

பேரன்: முகாமில் சும்மா இருப்பார்கள். ஆனால் ஆள் பலமாக வளர்வதற்குக் கிடைக்கிற அனுபவப் புள்ளி எல்லாருக்கும் ஒரே அளவு.

தாத்தா: வேலைக்கு வராதவனுக்கும் முழுச் சம்பளமா? 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த எங்கள் அப்பன்மாருக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

பேரன்: நீங்கள் இருந்தால் எல்லாரையும் வேலைக்கு விரட்டியிருப்பீர்கள், இல்லையா தாத்தா?

தாத்தா: விரட்டுவதா? அந்த முகாமில் எனக்கு ஓர் இடம் போட முடியுமா, பார்.