நடராசரை எங்கே நின்று பார்க்கிறோம்?

நடராசர் திருமேனி பற்றிப் பேச்சு வந்தாலே 'பிரபஞ்ச நடனம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். துடி (உடுக்கை) படைப்பு, அபயம் காட்டி அமைந்த கை காத்தல், தீ அழித்தல் என்று பள்ளிப் பிள்ளைகூட ஒப்பிக்கும். இந்த விளக்கத்தை உலகறியச் செய்தவர், கொழும்பில் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி. 1918-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு அதை மேற்கே கொண்டு சென்றது. 2004-இல் ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூட வளாகத்தில் இந்திய அரசு அளித்த நடராசர் நிறுவப்பட்டதும் அந்த விளக்கத்தின் செல்வாக்கினால்தான்.

அது ஆழமான விளக்கம் என்பதில் ஐயமில்லை. அதுவே சிலையின் ஒரே பொருள் என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. குமாரசுவாமி சான்று காட்டும் 'உண்மை விளக்கம்' 13-ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூல். செம்பியன் மாதேவி கோனேரிராசபுரம் போன்ற கோயில்களைக் கற்றளியாக்கி (கற்கோயிலாக்கி), ஆடவல்லானுக்கு, அதாவது நடராசருக்கு, அவற்றில் தனியிடம் தந்ததோ 10-ஆம் நூற்றாண்டில். ஒரு சோழ அரசி இந்த உருவத்தை ஏன் தேர்ந்தாள் என்ற வரலாற்றுக் கேள்விக்குத் தத்துவம் மட்டும் விடையாகாது.

அவளுக்கும் முந்தியவர் அப்பர். 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்' என்று தொடங்கி, ஈரச்சடை, பவள மேனி, பால் வெண்ணீறு, எடுத்த பொற்பாதம் எனக் கண் போகும் வழியே பாடுகிறார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலை அங்கே அவர் விளக்கவில்லை. சைவ சித்தாந்தம் அறியாத பிரெஞ்சுச் சிற்பி ரோதானும், சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, உடலின் வளைவையும் அதன்மேல் விழும் ஒளியையும் வியந்து எழுதினார். உருவத்தை உருவமாகவே பார்ப்பது ஏதோ மேலைநாட்டு இறக்குமதி என்பவர்கள் அப்பரை மறந்துவிடுகிறார்கள்.

நம் கலை விமர்சனம் அதிகம் கேளாதது செய்பவனின் பார்வையை. சுவாமிமலை ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து மடித்துத் தாள அளவு (சிலையின் உறுப்பளவு விகிதம்) குறித்துக்கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசுகிறார்; பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார். எடை முழுவதும் வளைந்த ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். பறக்கும் சடையின் மெல்லிய இழைகளுக்குள் உலோகம் உறையுமுன் ஓடிச் சேர வேண்டும். முழங்கால் எவ்வளவு மடங்கலாம் என்பது அவருக்குத் தத்துவமும் தொழில்நுட்பமும் ஒன்றாகச் சேர்ந்த முடிவு.

இத்தனை நுட்பமாகச் செய்த மேனியோ கோயில் திருவிழா உலாவின்போது பட்டுக்கும் மாலைக்கும் அடியில் மறைந்துவிடுகிறது. கூட்டத்தில் நிற்பவருக்கு முகம் தெரிந்தால் அதிர்ஷ்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளியூட்டி வைத்த 'முழுச் சிலை' அருங்காட்சியகம் உண்டாக்கிய காட்சி. தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்து, 2014-இல் திருப்பியனுப்பியது. அங்கும் அதன் அழகை ரசித்திருப்பார்கள். ஆனால் அது எந்தக் கருவறையை, எந்த ஊரை வெறுமையாக்கிவிட்டு வந்தது என்று கேட்காத ரசனையை நான் முழுமையான ரசனையாகக் கருதமாட்டேன்.