வெம்ப்ளி பதிவையும் ஒருமுறை கேளுங்கள்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃப்ளாயிடின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் ஸ்டுடியோவில்தான் முழுமை, மேடையில் நீர்த்துப்போகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1974 நவம்பரில் லண்டனின் வெம்ப்ளியில் நடந்த கச்சேரியில் பதிவானதைக் கேளுங்கள். 1973 ஆல்பத்தில் மூன்றரை நிமிடம்கூட இல்லாத 'எனி கலர் யூ லைக்' என்ற இசைத்துண்டு அங்கே 8 நிமிடத்தைத் தாண்டுகிறது. குழுவின் கீபோர்டு கலைஞர் ரைட்டின் சிந்தசைசர் முன்னே போக, கில்மோரின் கிட்டார் பின்னாலேயே வந்து இடத்தைப் பிடிக்கும். எதிலும் அவசரமே இல்லை. ஹெட்போனில் கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கைவேலையை நிறுத்திவிடுவேன்.

சரி, ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். அதே ஆல்பத்தின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பாடகி கிளேர் டோரி! சொல்லே இல்லாமல் கதறி, அப்புறம் மூச்சுக்காற்றாக அடங்கும் அந்தக் குரலை மேடையில் யாரும் எட்டவில்லை, 1994 சுற்றுப்பயணத்தில் மூன்று பாடகிகள் பங்கிட்டுப் பாடியும்கூட.