பராமரிப்புப் படி வாங்கினால் பிள்ளைகள் பணம் நின்றுபோகுமா?

“அம்மாவைப் பார்த்துக்கொள்ள கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புப் படி) எடுத்தால் பிள்ளைகளுக்கான டாக்ஸ் கிரெடிட் நின்றுவிடும்” என்று பிரிட்டனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய அரசு உதவித்தொகை 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு எல்லோருக்குமே முடிந்துவிட்டது. இப்போது இருப்பது யுனிவர்சல் கிரெடிட் என்ற, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித்தொகை.

சரி, அதில் என்ன ஆகும்? 2025-26 கணக்கைப் பாருங்கள். வாரம் 83.30 பவுண்ட் அலவன்ஸ் வந்தால், அதே அளவு யுனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள். அந்தக் கழிவைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் பராமரிப்பாளருக்கென்று மாதம் 201.68 பவுண்ட் கூடுதலாகச் சேரும். பிள்ளைகளுக்கான பங்கு அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்பே கேளுங்கள்: தனியாக வாழும் அம்மாவின் பென்ஷன் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான உதவித்தொகை) கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை இருந்தால், நீங்கள் அலவன்ஸ் எடுத்ததும் அது நின்றுபோகலாம்.

அரசின் gov.uk தளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.